வாசலில் கொட்டிய சக்கை

வலது கால் பெருவிரல் ஒன்பது நாளாக வீங்கிக் கறுத்துக் கிடந்தது. டிராகன் படகுப் பண்டிகையன்று குடித்துவிட்டு எதிலோ இடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று துவான் நினைத்தான். எதில் என்று நினைவில்லை. குவாரியில் சம்மட்டி அடிக்கிறவனுக்குக் கால்விரல் ஒரு பொருட்டா? பல்லைக் கடித்துக்கொண்டு செருப்புக்குள் திணித்தான். கதவைத் திறந்தான்.

வாசலில் இன்றும் மருந்துச் சக்கை. ஆவிகூட அடங்கவில்லை. சிவந்த பூவிதழ்கள், கறுத்த வேர்த் துண்டுகள், சாம்பிராணி கலந்த கசப்பு வாடை. பாறை சரிந்து அடிபட்டவர்களைக் கிடத்தும் கொட்டகையில் அவன் எத்தனையோ முறை முகர்ந்த வாடைதான். அதை யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

காய்ச்சி வடித்த சக்கையைத் தெருவில் கொட்டுவது ஊர் வழக்கம். மிதித்துப் போகிறவன் காலோடு நோயும் போய்விடும். ஆனால் இது அவன் வாசலிலேயே விழுகிறது. விடிந்ததும் முதலில் மிதிக்கிறவனும் அவன்தான்.

சக்கை விழ ஆரம்பித்ததும் அவன் மனைவி சின்மெய் படுத்ததும் ஒரே வாரம். நெஞ்சில் சளி என்கிறாள். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை, ஒருக்களித்தே கிடக்கிறாள். மக்காச்சோளக் கஞ்சியை ஊட்டினால் அரைக் கிண்ணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் கண்ணை மூடினால் போதும், இவன் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பான். அவள் போய்விட்டால் அவனுக்கென்று யாரும் இல்லை.

சம்மட்டியிலிருந்து காம்பை மட்டும் உருவிக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போனான்.

மருந்துக் கடையில் முப்பது வருடமாக வேர் நறுக்குகிற தெங், மண்சட்டியில் கொதிநீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?”

“சாப்பாடு கிடக்கட்டும். யாரு நோயைக் கொண்டாந்து என் வாசல்ல கொட்டுற?”

“வேலைக்குப் போற நேரத்துல என்ன பேச்சு இது?”

“உன் வீட்டுல எவன் படுத்துக் கிடக்கான்? உன் பொண்டாட்டி திட்டுறது மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது. நீ எருமை மாதிரி இருக்க. கடைக்கு வர்றவன் நோயையெல்லாம் என் தலையில இறக்குறியா?”

“எந்த வாசல்ல கொட்டணும்னு தெரிஞ்சுதான் கொட்டுறேன். என் வாயைக் கிளறாத. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு, எமனுக்கா?”

முதல் அடி சட்டியில் விழுந்தது. ஓடு சிதறி, கொதிநீர் தெங்கின் பாதங்களில் கொட்டியது. இரண்டாவது அடி தோளில். அவர் சுவரோடு சரிந்தார். வேர் நறுக்கும் கத்தி கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தார். துவானின் கழுத்தைப் பார்த்தார். பிறகு கத்தியை வேலிக்கு அப்பால் வீசிவிட்டார்.

“என்ன, பாவம் பாக்குறியா?” துவான் அவரை வாசற்படிக்கு இழுத்துப் போனான். வலது கையைக் கல்லின் மேல் நீட்டி வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு காம்பை இறக்கினான்.

காய்ந்த வேர் ஒடிகிற சத்தம். தெங் தலையைத் திருப்பி வாந்தி எடுத்தார். வேலியோரம் கூடியவர்களில் ஒருவரும் உள்ளே வரவில்லை.

“இனிமே நீ எந்தக் கையால கொட்டுறேன்னு பாக்குறேன்.”

அப்போதுதான் சின்மெய் வந்தாள். ஒரு கையால் வேலியைப் பிடித்தபடி, ஒரு கையால் விலாவை அணைத்தபடி.

“நீ ஏன் புள்ள எழுந்து வந்த? காத்து பட்டுரும், உள்ள போ. இனி உனக்கு ஒண்ணும் ஆகாது.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. தெங்கின் அருகில் உட்கார அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. தொங்கிய கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லாதீங்கன்னு நான் கேட்டது தப்பாப் போச்சுண்ணே.”

துவான் மூச்சிரைக்க நின்றான். “என்ன சொல்லாதீங்க?”

“அந்த மருந்து எனக்குத்தான்யா. அண்ணன் கடையிலேருந்து கொண்டாந்து காய்ச்சுவாரு. நீ குவாரிக்குப் போனதும் அண்ணி வந்து குடிக்க வைப்பாங்க. நோயாளி எங்க இருக்காளோ அந்த வாசல்லதான சக்கையைக் கொட்டணும்?”

காம்பு கையிலிருந்து நழுவியது.

“சளிக்கு மருந்து குடிக்கிறத என்கிட்ட எதுக்கு மறைக்கணும்?”

“சளின்னு நான்தான் சொன்னேன். நெசம் தெரிஞ்சா அந்த வெக்கத்துல நீ மறுபடியும் குடிப்பியோன்னு பயந்தேன்.”

“எது நெசம்?”

முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவருக்கு நீ ஒரு கை பாக்கி. எனக்கு, பண்டிகை ராத்திரி நீ உதைச்சு ஒடிச்ச மூணு விலா எலும்பு.”