போனில் பேசவும்

“இன்னிக்கும் யாரும் பேர் குடுக்கலையா, கிரி?”

“இல்ல மேடம்” என்றான் உதவியாளன் கிரிதர்.

டாக்டர் வத்சலா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சாயங்காலத்துக்குள் ஒருவராவது சேராவிட்டால் அவளுடைய ஆய்வையே மூடிவிடச் சொல்லிவிட்டார்கள்.

“டெல்லி முழுக்க போஸ்டர் ஒட்டியிருக்கோம். ஒருத்தருக்குமா அக்கறை இல்ல?”

ஆபீஸ் மொபைல் அடித்தது. கிரி பாய்ந்து எடுத்தான். “ஹலோ... ஹலோ? போலியே ஜி!” என்று இந்தியில் பேசச் சொல்லிக் கெஞ்சினான். கட் ஆனது.

“காலையிலேர்ந்து இதே தொல்லை மேடம். மூச்சு மட்டும் கேக்குது, உடனே வச்சிடறாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற நம்பர். வேலையத்த பசங்க!”

வத்சலா சட்டென்று நின்றாள். “போஸ்டர்ல என்ன போட்டிருக்கு? படி.”

“‘மற்றவர்களோடு பேசவே பயமா? எங்கள் மனநல ஆய்வில் சேர, உடனே போனில்...’” கிரியின் குரல் இறங்கியது. “மேடம், இதை எழுதினது நீங்கதான்.”

மறுபடி போன் அடித்தது. இம்முறை வத்சலாவே எடுத்தாள்.

“நீங்க பேசவே வேண்டாம்” என்றாள் இந்தியில், மெதுவாக. “மெசேஜ் அனுப்பினா போதும்.”

சற்று நேரத்தில் மெசேஜ் வந்தது.

‘காலையிலிருந்து உங்கள் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.’