அறுபதுக்குக் கீழே

சுவரின் வெள்ளையில் யாரோ மஞ்சள் கலந்துவிட்டிருந்தார்கள்.

நேற்றுவரை சுத்த வெள்ளை. பெயிண்டருக்கு இதில் சந்தேகமே வராது. இருபத்தாறு வருஷம் வாளியில் குச்சி விட்டுக் கலக்கியவர். ஒரு வாளி வெள்ளைக்கு அரை மூடி மஞ்சள், அவ்வளவுதான். எரிகிற டியூப் லைட்டைச் சுற்றியும் அதே மஞ்சள், வளையமாக.

அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். குமட்டிக்கொண்டு வந்தது. காலை ரொட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

நேற்று சாயங்காலம் இதே கட்டிலோரம் நின்று, நர்ஸுக்குப் படிக்கிற அந்தப் பெண் ஒப்பித்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம். டிஜாக்சின். இதயத்தை அழுத்தமாக அடிக்க வைக்கும், நிதானமாக அடிக்க வைக்கும். உடம்பில் அளவு மீறினால் பசி போகும், குமட்டும், கண்ணில் மஞ்சள் தட்டும், துடிப்பு இறங்கும். கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சில் ஸ்டெத் வைத்து முழு நிமிஷம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே என்றால் கொடுக்காதே, டாக்டரைக் கூப்பிடு.

அவர் தினமும் காலையில் விழுங்குகிற மாத்திரை அது.

ஏழு தடவை ஒப்பித்தாள். ஏழாவது தடவை திக்கிய இடத்தில் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணா, பேசாம நீங்களே பரீட்சைக்குப் போயிருங்க."

"போயிருவேன் தங்கச்சி. உங்க யூனிஃபார்ம் என் தொப்பைக்குப் பத்தாதே."

சிரித்தாள். அப்புறம் சொன்னாள், இந்தப் பரீட்சைக்கு நிற்பது மூன்றாவது தடவையாம். முதல் இரண்டு தடவையும் கேட்க வந்தவர்களைக் கண்டதும் கை உதறி, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, ஃபெயில். இதிலும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இப்போது பார்த்தால், கேள்விக்கான விடை மொத்தமும் அவர் உடம்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது!

எட்டு மணிக்கு வந்தார்கள். முன்னால் பரீட்சை மேடம், பின்னால் தட்டோடு அவள். தட்டில் குட்டிக் காகிதக் கிண்ணம், அதில் மாத்திரை.

"பேஷன்ட் எதுவும் எடுத்துக்குடுக்கக் கூடாது" என்றார் மேடம், வந்ததும் வராததுமாக.

பெயிண்டர் வாயை இறுக்கிக்கொண்டார். தானாகச் சொன்னால் அவள் மார்க் போய்விடும். பத்து நிமிஷம்தானே. மூன்று மாடிச் சாரத்தில் நின்றவருக்குப் பத்து நிமிஷ மஞ்சள் ஒரு பெரிய விஷயமா?

அவள் ஸ்டெத்தை அவர் நெஞ்சில் வைத்தாள். வாட்சைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கும்மா. வெளிய இன்னும் பதினோரு பேர் நிக்கிறாங்க."

அவள் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நாப்பத்தாறு மேடம். குடுக்க மாட்டேன்."

"பதட்டத்துல விட்டு விட்டு எண்ணியிருப்ப. டாக்டர் எழுதியிருக்கார்ல, குடு."

மேடமே கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார். மாத்திரை பெயிண்டரின் உள்ளங்கையில் விழுந்தது.

அவளைச் சோதிக்க மேடம் என்ன நடிப்பு நடிக்கிறார்! பெயிண்டருக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவள் தலையாட்டிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. விழுங்குவதா, துப்புவதா? பக்கத்து மேஜையில் தண்ணீர் தயாராக இருந்தது.

அவர் கை மெல்ல மேலே போனது.

அவள் பாய்ந்து பிடுங்கினாள். மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது.

"அண்ணா, சாப்பிட்டீங்களா? குமட்டுதா? லைட்டைச் சுத்தி ஏதாவது கலர் தெரியுதா?"

அவர் முதலில் மேடத்தைப் பார்த்தார். கேட்டால் சொல்லலாம் அல்லவா?

"மஞ்சள் தங்கச்சி! மஞ்சள்! விடிஞ்சதுலேருந்து மஞ்சள்! ஒரு வாளிக்கு அரை மூடி!"

பக்கத்துக் கட்டில்காரர் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். வார்டில் ஓடக் கூடாது என்பது சட்டம். அது அவள் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் வந்தார். நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். மெஷினிலிருந்து நீண்டு வந்த காகிதத்தைப் பார்த்த டாக்டர், "இன்னைக்கும் ஒண்ணு உள்ள போயிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மருந்துச் சீட்டில் டிஜாக்சின் வரியை அடித்தார்.

பத்து மணிக்கு வாசலில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

"பாஸ் அண்ணா!"

பெயிண்டர் ஒட்டியிருந்த ஒயரோடு இரண்டு கையையும் தூக்கினார். மெஷின் அலறியது. சிஸ்டர் வந்து திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

மதியம், பதினோரு பேரையும் முடித்துவிட்டு, மேடம் தனியாக வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிரமாதமா நடிச்சீங்க மேடம்! மாத்திரைய என் கையிலயே கவுத்துட்டீங்களே. நானே நம்பிட்டேன், போங்க!"

மேடம் சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து விரல் வைத்தார். வாட்சைப் பார்த்தார். உதடு அசைந்தது. முள் முழுச் சுற்று வரும்வரை நிமிரவில்லை.

"அம்பத்திரண்டு" என்றார்.

அப்புறம், கையை விடாமல்,

"நான் நடிக்கலைங்க."