பதினொண்ணு - சைபர்

"பதினொண்ணு - சைபர்!"

ரெண்டாவது கேமும் அப்படியே முடிந்தது. ஹாலில் ஒருத்தரும் கைதட்டவில்லை.

கம்பெனி பெண்கள் ஷட்டில் ஃபைனல். ஜெயித்த சுபஸ்ரீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நெட்டுக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நின்றாலும் நாலடிக்குக் குறைவுதான். பிறவியிலேயே வளர்ச்சி நின்றுபோன உடம்பு.

பார்த்துக்கொண்டிருந்த கனகலட்சுமி பக்கத்தில் இருந்தவளிடம் பொருமினாள்.

"இவல்லாம் ஒரு மனுசியா? கை எட்டாதுன்னு தெரிஞ்சே தலைக்கு மேல தூக்கித் தூக்கிப் போடுதா!"

கனகலட்சுமியும் சந்தனமாரியும் கோவில்பட்டிப் பக்கம் ஒரே ஊர். ஒரகடத்தில் காருக்கு வயர் பின்னுகிற கம்பெனியில் ஒரே லைன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரே ரூம்.

ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி ஹாலில் விளையாட்டாகப் பேட்டைப் பிடித்தவள்தான் சந்தனமாரி. கொஞ்ச நாளில் அவளை ஜெயிக்க ஆளே இல்லை என்றானது. அந்தத் தெம்பில் போன வருஷம் ஊனமுற்றோர் அணிக்கான மாநிலத் தேர்வுக்கு மெட்ராஸ் போனாள். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள்.

"அங்க எல்லாம் சிபாரிசு" என்று கனகலட்சுமிதான் தேற்றினாள்.

இந்த வருஷத் தேர்வு நெருங்கிவிட்டது. அதனால்தான் கம்பெனி போட்டி ஆரம்பிக்கும்போதே வெல்ஃபேர் ஆபீசர் தணிகாசலம் எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

"பாவம்மா அந்தப் பொண்ணு. சந்தோஷமா போகட்டும். கொஞ்சம் பாத்து ஆடுங்க."

எல்லாரும் பார்த்துத்தான் ஆடினார்கள். செமி ஃபைனலில் எதிரே நின்ற கனகலட்சுமியும் நெட்டிலும் கோட்டுக்கு வெளியிலுமாக அடித்துத் தோற்றாள். மனசு நிறைந்திருந்தது அவளுக்கு.

சுபஸ்ரீ ஒருத்திதான் கேட்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் கனகலட்சுமி நேராக அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஏன்க்கா, அவளுக்கு ஒரு பாயிண்டு குடுத்திருந்தா உங்க சொத்தா கொறஞ்சிரும்?"

சுபஸ்ரீ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆடத்தான வந்தோம், ஆடினேன். அதுல உனுக்கு இன்னா?"

அன்றிலிருந்து சுபஸ்ரீயின் மேஜையில் யாரும் உட்காருவதில்லை. கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் அவள் இறங்குகிற தண்டலம் வரைக்கும் காலியாகவே போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கனகலட்சுமியால் தாங்க முடியாததாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் சந்தனமாரி அதே சுபஸ்ரீயோடு ஆடப் போனாள். ஒரு நாள் கனகலட்சுமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுபஸ்ரீ இறகுப்பந்தை நெட் ஓரமாகத் தட்டினாள். சந்தனமாரி குட்டைக் கால்களோடு ஓடி வருவதற்குள் பின்கோட்டுக்குத் தூக்கினாள். இவள் திரும்பி ஓடி விழுந்தாள்.

"எந்திரி. இன்னா உக்காந்துகினே?" என்று உள்ளேயிருந்து அதட்டல்.

ரூமில், சிராய்த்துப்போன முட்டிக்கு மருந்து போடும்போது கனகலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏண்டி, சூடு சொரணை இல்லியா ஒனக்கு? ஒன்னய வச்சி அவ வேடிக்கை காட்டுதா."

"இன்னைக்கு ரெண்டு பாயிண்டு எடுத்தேன் கனகா."

சொல்லும்போது சந்தனமாரியின் முகம் பூரித்திருந்தது. நம்ம எல்லாரையும் பதினொண்ணு எடுத்து ஜெயிச்சவ, ரெண்டு பாயிண்டுக்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாளே என்று கனகலட்சுமிக்குப் பரிதாபமாக இருந்தது.

அந்த வருஷம் சந்தனமாரி தமிழ்நாடு அணிக்குத் தேர்வானாள். அடுத்து நேஷனல்ஸில் தங்கம். வெளிநாட்டுப் போட்டிக்கும் பெயர் வந்தது.

கம்பெனியில் பாராட்டு விழா. "நாங்கள்லாம் குடுத்த ஊக்கம்தான்" என்று தணிகாசலம் மைக்கில் சொல்ல, கனகலட்சுமி பலமாகக் கைதட்டினாள்.

சந்தனமாரி மைக்கை வாங்கவில்லை. தனக்குப் போட்ட பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த சுபஸ்ரீயின் தோளில் போட்டாள். சுபஸ்ரீ அவசரமாக எழுந்து நின்றாள்.

ரூமுக்கு வந்ததும் கனகலட்சுமி வெடித்தாள்.

"அத்தன பேருக்கு முன்னால ஒன்னய அசிங்கப்படுத்துனவளுக்கா பொன்னாட?"

"அசிங்கப்படுத்தல கனகா. ஃபைனலுக்கு மொத நாள் அவுக வீட்டுக்கே போயி நான்தான் கேட்டேன். ஒரு பாயிண்டுகூட விட்ராதீகக்கான்னு."

கனகலட்சுமி திகைத்தாள். "ஏண்டி?"

"மெட்ராசுல என்னய தோக்கடிச்சவளும் என் ஒசரம்தான். அவ எனக்குப் பாவம் பாக்கல. நான் அடிச்சது ஒண்ணும் அவகிட்டச் செல்லல. இங்க யாரும் எங்கூட ஆடவே இல்லன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சிது."

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்லா? அவுகள நாங்க என்ன பேச்செல்லாம் பேசினோம்!"

"சொல்லுதேன்னேன். அவுகதான் வேண்டாம்னுட்டாக. எல்லாரும் ஆசையா விட்டுக்குடுத்திருக்காங்க, அது ஒனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க மனசு கஷ்டப்படும், என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்னாக."

கனகலட்சுமி, "நான் ஒம்மேல உள்ள பிரியத்துலதான..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் கனகா" என்றாள் சந்தனமாரி. "அதான் ஒங்கிட்டக் கேக்கல."