பூவிழி சொன்ன சாட்சி

"அம்மா தானாத்தான் கொல்லைக் கெணத்துல வழுக்கி விழுந்துச்சுங்க" என்று பூவிழி கூண்டில் நின்று சொன்னாள். அந்த ஒரே வார்த்தையில் அவள் அப்பா பிச்சைமுத்து விடுதலையாகிவிட்டார்.

மீன்சுருட்டி ஊரில் அவர்கள் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். சித்தப்பா குருநாதன் பூவிழியின் தலையைத் தடவினார்.

"அப்பனை மீட்டுட்டே தாயி. கொலைகாரன் மவளுங்கற பேரு போச்சு. இனி ஒந்தங்கச்சி கல்யாணம் தட்டாது."

பூவிழி சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததும் பிச்சைமுத்து முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல. ஒங்கம்மாளும் அன்னைக்கு இப்படித்தான் வச்சா."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் காலேஜுக்குப் போயிருந்தாள். அம்மா விழுந்தபோது கிணற்றடியில் நின்றவள் பூவிழி மட்டும்தான்.

அவள் எழுந்து போய்க் கொல்லைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.