ஊதாத் தொப்பி

"அந்தத் தொப்பி எப்படிங்க அவங்க தலையில ஏறுச்சு?"

மைக் அக்கா பல்லைக் கடித்தாள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மைக் கிடைத்தால் கீழே வைக்க மாட்டாள் என்பதால் அந்தப் பேர்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அன்று சங்கத்தின் நடைப்பயணம். நடக்க வந்தவர்களுக்கு வெள்ளைத் தொப்பி. நோயோடு மல்லுக்கட்டி மீண்டவர்களுக்கு மட்டும் ஊதா. அவர்கள்தான் முன்வரிசை. கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். இதில் போய் யார் பொய் சொல்லப் போகிறார்கள்?

தையல்கார அக்கா சொல்லியிருப்பாள் போல! ஊதாத் தொப்பியோடு முன்வரிசையில் ஜம்மென்று நின்றாள்.

"போன வாரம்கூட என் சட்டையை இறுக்கித் தச்சுட்டு, நான்தான் குண்டாயிட்டேன்னு சாதிச்சாங்க. இவங்களுக்கு எப்போ வந்துச்சாம்?" என்றாள் மைக் அக்கா.

மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தலைவலி மாத்திரைக்குக்கூட அவங்க என் கடைக்கு வந்ததில்லைங்க."

போதாதா? முதல் திருப்பம் தாண்டுவதற்குள் விஷயம் கடைசி வரிசை வரை போய்விட்டது.

"போட்டோ ஆசை. வேறென்ன?"

"இதுலயுமா விளையாடுவாங்க? ச்சே!"

"இனிமே இவங்களை நம்பி யாரு துணி குடுப்பா?"

பேசுவதெல்லாம் தையல்கார அக்காவின் காதில் விழாமலா இருக்கும்? அவள் பாட்டுக்குக் கொழுந்தன் மனைவியின் கையைப் பிடித்தபடி நடந்தாள். அந்தப் பெண் வெளியூரிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. யாரோடும் ஒட்ட மாட்டாள். வெள்ளைத் தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தாள்.

மைக் அக்கா வேகமாக எட்டு வைத்துப் பக்கத்தில் வந்தாள்.

"நீங்களாவே கழட்டிடுங்க. இல்லைன்னா மேடையில வச்சுக் கேப்பேன்."

"நடந்து முடிச்சதும் கழட்டிடுறேங்க" என்றாள் தையல்கார அக்கா, சாதாரணமாக.

என்ன நெஞ்சழுத்தம்! மைக் அக்காவுக்கு வந்ததே கோபம்.

நடை பூங்காவில் முடிந்தது. மேடையில் பூங்கொத்துகள் தயாராக இருந்தன.

"ஊதாத் தொப்பிக்காரங்க எல்லாரும் மேல வாங்க" என்று அறிவித்தாள் மைக் அக்கா. "தையல்கார அக்கா மட்டும் அங்கேயே நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு இந்த நோய் இருந்துச்சா?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"இல்லைங்க."

"அப்போ கழட்டுங்க. சாவோட வாசல் வரைக்கும் போய் வந்தவங்களுக்குச் செய்யுற மரியாதைங்க அது!"

யாரோ கைதட்டினார்கள். தையல்கார அக்கா மறு பேச்சுப் பேசாமல் தொப்பியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. மைக் அக்கா இறங்கி வந்து கையை நீட்டினாள்.

அதற்குள் இன்னொரு கை அந்தத் தொப்பியை வாங்கிக்கொண்டது.

"வேணாம்மா. நீ பேசாம இரு" என்று தடுத்தாள் தையல்கார அக்கா.

கொழுந்தன் மனைவி கேட்கவில்லை. தன் வெள்ளைத் தொப்பியை எடுத்தாள். தலையில் முடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. ஊதாத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னோடதுங்க. ஆசையா கேட்டு வாங்கிட்டேன். போட்டா எல்லாரும் என்னையே பரிதாபமா பாப்பாங்கன்னு பயந்து பையில ஒளிச்சு வைக்கப் போனேன். 'நீ ஜெயிச்சு வாங்கினது பைக்குள்ள கிடக்கக் கூடாது. உனக்குப் பதிலா நான் போட்டு நடக்குறேன்'னு அக்காதான் வாங்கிப் போட்டுக்கிட்டாங்க."

அவள் மைக் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா, இவ்வளவு நேரமா எங்க அக்காவை நீங்க எல்லாரும் பாத்த பார்வைக்கு, அந்தப் பரிதாபமே தேவலைங்க."