நாற்பத்திரண்டாவது சட்டை

சிமி மாமா பிறந்தநாளே கொண்டாடாதவர். இரட்டைப் பிறவியான அண்ணன் ஏலியா, பத்தொன்பது வயதில் சூரை மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. "அவன் இல்லாம எனக்கு மட்டும் என்ன கேக்கு?" என்பார்.

எண்பதாவதுக்குத் தங்கை மகள் லெபேகா விடவில்லை. சமோவாவில் குடும்பம் கூடினால் எல்லோருக்கும் ஒரே துணியில் சட்டை. நாற்பத்தொன்று தைத்தாள். துணி தீர்ந்துபோய்க் கடைசிச் சட்டைக்குப் பைகூட வைக்கவில்லை.

ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்து இறங்கினார்கள். மண்ணடுப்பில் பன்றி வெந்தது. மாமா கேக்கை வெட்டி, முதல் துண்டைத் தட்டோடு பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு ஆடப் போனார். திரும்பியபோது தட்டு காலி.

"எந்தக் கழுதைடா தின்னது?"

வீடே சிரித்தது.

மறுநாள் காலை, துவைப்பதற்காக எல்லோருடைய சட்டையையும் வாங்கி லெபேகா எண்ணினாள். நாற்பத்திரண்டு. அதிகப்படியானதும் அதே துணி, அவளுடைய தையல். ஈரமாக இருந்தது, கடல் வாடை அடித்தது. மார்பில் கேக் கிரீம்.

மாமா அதை விரித்துப் பார்த்தார். ஒல்லியான வாலிபனின் அளவு.

"இன்னும் சிந்தாம திங்கத் தெரியல பாரு, தடியனுக்கு!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடுத்த வருஷம் பெரிய கேக்கா சொல்லிடு, லெபேகா."

அவள் எல்லாவற்றையும் துவைத்துக் கொடியில் போட்டாள். உச்சி வெயிலில் நாற்பத்தொன்றும் மொடமொடவென்று காய்ந்தன. அந்த ஒன்று மட்டும் சாயங்காலம்வரை சொட்டிக்கொண்டே இருந்தது.