போத்தல் கழுவாத வாரம்

வீட்டிலேயே புளிக்கவைக்கும் பியரைத் தயாபரன் இம்முறை போத்தல்களில் அடைக்காமல், குழாய் பூட்டிய இரும்புப் பீப்பாய் ஒன்றில் நிரப்பினான். “நாப்பது போத்தல் கழுவிக் கழுவி உன்ர கையெல்லாம் வெடிச்சுப்போச்சு” என்று மனைவி சுகிர்தாவிடம் காரணம் சொன்னான்.

“எங்கட ஆளுக்கு என்னில இரக்கம் வந்திட்டுதடி!” என்று அவள் தங்கையிடம் தொலைபேசியில் பூரித்தாள். அவனுக்குக் கூசியது. வெறும் போத்தல்கள் அவன் எவ்வளவு குடித்தான் என்பதைக் காட்டிக்கொடுத்தன, பீப்பாய் காட்டிக்கொடுக்காது. அதுதான் உண்மைக் காரணம்.

ஐந்தாம் நாள் அவள் தரை துடைக்க வந்தாள். “பாரமப்பா, விடு, நான் தூக்கிறன்” என்று அவன் ஓடி வருவதற்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பீப்பாயைத் தூக்கினாள். அது வெறும் குடம் போல மேலே வந்தது.

“ஐயோ, முழுக்க ஒழுகிப்போச்சேயப்பா!” என்று பதறி, ஈரத்தைத் தேடித் தரையில் குனிந்தாள்.

தயாபரனும் அவள் பக்கத்தில் குனிந்து தேடினான்.